இடம் மாறிய கல்லறைக் கற்கள்

கல்லறை ஓரிடத்தில், அதன் பெயர்க்கல் வேறிடத்தில் இருக்குமா? சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போனால் இந்த அதிசயத்தைப் பார்க்கலாம்.

அங்கே 1680-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் இருக்கிறது. இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டிய தேவாலயங்களில் இதுவே மிகப் பழையது. அதன் முற்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்க்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஆனால், அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் அங்கே புதைக்கப்படவில்லை!

அவர்களைப் புதைத்தது கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி கட்டப்பட்ட இடத்தில். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். உயரமான கல்லறைகள் அவருடைய வீரர்களுக்கு நல்ல மறைவிடமாகி விட்டன. அவற்றின் பின்னால் பதுங்கிக்கொண்டே கோட்டையைத் தாக்கினார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. 'இனி எதிரி ஒளிய இடம் இருக்கக் கூடாது' என்று ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்தார்கள். பெயர்க்கற்களை மட்டும் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள்.

கற்களின் கதை அதோடு முடியவில்லை. 1755-இல் நம் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக வந்த ஹைதர் அலியைத் தெரியும் அல்லவா? அவர் பின்னாளில் மைசூரை ஆண்டபோது, 1780-இல் ஆங்கிலேயர் மீது படையெடுத்தார். 1782-இல், கோட்டை மதிலில் பீரங்கிகளை நிறுத்துவதற்காக இந்தக் கற்களில் பலவற்றைப் பெயர்த்து எடுத்தார்கள். பிறகு மீண்டும் முற்றத்துக்கே கொண்டுவந்தார்கள்.

அவற்றில் ஒரு கல்லில் 1652 என்ற ஆண்டு இருக்கிறது. அது எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியின் கல். சென்னைக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனவர். ஊரைக் கண்ணால் பார்க்காதவரின் பெயரை அந்த ஊர்க் கல் காப்பாற்றி வைத்திருக்கிறது!

இடிக்காமல் விட்ட கல்லறை ஒன்று பழைய இடத்திலேயே நின்றது. அங்கே உறங்குவது டேவிட் என்ற சிறு குழந்தை. அவனுடைய தந்தை எலிஹு யேல் அப்போது சென்னையின் ஆளுநர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பாலசமுத்திரத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது இதுதான்: எழுத்துள்ள கல்லைத் துணி துவைக்கும் கல்லாக்கி விடாதீர்கள், அதன்மேல் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். உங்கள் ஊரிலும் நடுகல்லோ கல்வெட்டோ இருக்கலாம். அதில் தெரியும் எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது யாருடைய கல் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். எழுத்து தேய்ந்துவிட்டால், அந்த மனிதரை யாருக்குமே தெரியாமல் போய்விடும்!