கெண்டைக்காலில் தெரியும் காய்ச்சல்

2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளும் வளவுகளும் வெள்ளத்தில் கிடந்தன. சில நாள் கழித்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். 'மர்மக் காய்ச்சல்' என்று ஊர் பேசியது. பரிசோதித்தபோது தெரிந்தது எலிக்காய்ச்சல்.

லெப்டோஸ்பைரா என்ற திருகு வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. அந்த பாக்டீரியா சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த நீரைக் குடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பித்தவெடிப்பு, முள் கீறிய தடம், வெகுநேரம் ஊறிப்போன தோல், இவற்றில் ஒன்று போதும், அது உடம்புக்குள் நுழைய.

பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். குளிர் நடுக்கம், தலைவலி, உடம்புவலி எல்லாக் காய்ச்சலிலும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: கெண்டைக்காலை அமுக்கினால் பொறுக்க முடியாத வலி, பீளை தள்ளாமலே சிவந்த கண். பத்தில் ஒன்பது பேருக்கு நோய் இந்த அளவில் அடங்கிவிடுகிறது.

மற்றவர்களுக்குக் காய்ச்சல் விட்டதுபோல் இருந்து மறுபடி ஏறலாம். விடாமலே முற்றவும் செய்யலாம். கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும், இருமினால் ரத்தம் வரும். ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் 1886இல் விவரித்தது இந்தக் கடுமையான வடிவத்தைத்தான்.

எனக்கு அச்சம் தருவது அந்த மஞ்சள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, பத்தியம் வைத்துக் காத்திருப்பது நம் வீட்டு வழக்கம். வைரஸால் வரும் காமாலையில் மஞ்சள் தெரியும்போது பெரும்பாலும் காய்ச்சல் தணிந்திருக்கும். எலிக்காய்ச்சலிலோ காய்ச்சலும் தசைவலியும் மஞ்சளும் ஒன்றாக நிற்கும். அப்போது சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருக்கலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், டயாலிசிஸ் தேவைப்படலாம். உடம்புவலிக்கென்று மெடிக்கலில் நாமாக வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகள் அந்தச் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். அதனால் முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்ததுமே மருத்துவர்கள் டாக்ஸிசைக்ளின் தொடங்குவார்கள். முற்றியவர்களுக்கு ஊசிவழி பென்சிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஏற்றுவார்கள். அந்தச் சந்தேகம் வருவதற்கு நோயாளிதான் வாய் திறக்க வேண்டும். வயலில் இறங்கினேன், சாக்கடை அடைப்பு எடுத்தேன், முழங்கால் வெள்ளத்தில் நடந்து வந்தேன் என்று, மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.