கார்மில்லா ஏன் அவசரப்படவில்லை

ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா' என்ற குறுநாவலைப் பேய்க்கதை என்று சொல்லித்தான் பெரும்பாலும் கையில் கொடுப்பார்கள். லெ ஃபானு டப்ளின்காரர். 1871 டிசம்பரிலிருந்து 1872 மார்ச் வரை 'தி டார்க் புளூ' என்ற பத்திரிகையில் இதைத் தொடராக எழுதினார். அடுத்த வருஷமே இறந்தும் போனார். டிராகுலா வருவதற்கு இன்னும் 25 வருஷம் இருந்தது. டிராகுலா பிரபுவை உலகம் அறிவதற்கு முன்பே ரத்தம் குடிக்கும் சீமாட்டி ஒருத்தி வந்துவிட்டாள். அவள் ஒரு பெண்ணைக் காதலித்தாள். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், பொறுமையாகச் சொல்கிறேன். முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் வலி முழுக்க முடிவில்தான் இருக்கிறது.

கதை நடப்பது ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில், காட்டுக்கு நடுவே ஒரு பழைய மாளிகையில். ஆஸ்திரிய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் ஒருவர், கைக்கு வரும் பென்ஷனில் அங்கே வசதியாக வாழலாம் என்று அதை வாங்கியிருக்கிறார். அவர் மகள் லாராவுக்கு 19 வயது. குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். பேச்சுத் துணைக்கு வளர்ப்புத் தாய் போன்ற ஒரு மேடமும் பாடம் சொல்லித்தர ஒரு மட்மாசெலும் இருக்கிறார்கள். மனிதர்கள் வாழும் பக்கத்துக் கிராமத்துக்கு ஏழு மைல், பக்கத்து மாளிகைக்கு ஏறக்குறைய 20 மைல். அந்த மாளிகையின் ஜெனரல் ஸ்பீல்ஸ்டார்ஃப் தன் பராமரிப்பில் உள்ள பெர்த்தா என்ற பெண்ணை அழைத்துக்கொண்டு வருவதாக இருந்தது. லாரா நாள்கணக்கில் காத்திருக்கிறாள். வந்து சேருவது பெர்த்தா இறந்துவிட்டாள் என்ற கடிதம்.

அன்று மாலையே மாளிகைக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி கவிழ்கிறது. அதிலிருந்து இறங்கும் சீமாட்டி தன் பயணம் உயிர்போகும் அவசரம் என்கிறாள். மயங்கிக் கிடக்கும் மகளை மூன்று மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போகிறாள். குடும்பம் எது, ஊர் எது என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கக் கூடாது. தோழிக்கு ஏங்கிய வீட்டில் தோழியே வந்து இறங்கிவிட்டாள். அவள்தான் கார்மில்லா.

லாரா அவள் முகத்தைப் பார்த்ததும் திகைத்துப் போகிறாள். சிறு குழந்தையாக இருந்தபோது ஒரு ராத்திரி அவள் படுக்கையருகே வந்து அணைத்துத் தூங்கவைத்த பெண்ணின் முகம் அது. அன்று நெஞ்சில் இரண்டு ஊசி இறங்கியது போல வலித்து அலறி எழுந்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. லாரா பயந்து நிற்கும்போது கார்மில்லாவே முந்திக்கொள்கிறாள்: தானும் சின்ன வயதில் அதே கனவைக் கண்டதாகவும், கனவில் தெரிந்த முகம் லாராவுடையது என்றும் சொல்கிறாள். பயம் இரண்டு பேருக்கும் பொதுவாகிவிடுகிறது, அதோடு பாதி கரைந்தும் போகிறது. வில்லி என்ற வகையில் அவள் செய்யும் முதல் காரியம் இதுதான். மிக நுட்பமான காரியம்.

அதன் பிறகு கதையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, அதுதான் அதன் அழகு. கார்மில்லா மதியம் ஒரு மணிக்குத்தான் கீழே வருவாள். ஒரு கோப்பை சாக்லேட் குடிப்பாள், வேறெதுவும் சாப்பிட மாட்டாள். கொஞ்ச தூரம் நடந்தால் களைத்துவிடுவாள். திடீரென்று லாராவின் கையைப் பற்றுவாள், முகம் சிவக்கும், மூச்சு வாங்கும், கன்னத்தோடு கன்னம் வைத்து, நீ எனக்கானவள், நாம் இருவரும் என்றைக்கும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஏதேதோ சொல்வாள். லாராவுக்கு அது பிடிக்கிறது. அருவருப்பாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் நடப்பதை அவள் மறைக்காமல் எழுதுகிறாள்.

இங்கே ஒரு சின்ன இடத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இவள் ஏன் என்னிடம் இப்படி நடந்துகொள்கிறாள் என்று லாரா காரணம் தேடுகிறாள். அவ்வப்போது சித்தம் கலங்குகிறவளோ? இல்லையென்றால், கதைப் புத்தகங்களில் வருவதுபோல, தன்னைக் காதலிக்கும் யாரோ ஒரு பையன் பெண் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டானோ? அப்படிக்கூட அவளால் நினைக்க முடிகிறது. ஒரு பெண் தன்னைக் காதலிக்கிறாள் என்ற நேரான பதில் மட்டும் அவள் மனத்தில் எழுவதே இல்லை. அவள் வாழ்ந்த உலகம் அந்தப் பதிலை அவளுக்குத் தந்திருக்கவில்லை. லெ ஃபானு எழுதிய காலத்துப் பிரிட்டனில் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கச் சட்டம் இருந்தது, பெண்களைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. 1921இல் பெண்களையும் சேர்க்க ஒரு முயற்சி நடந்து பிரபுக்கள் சபையில் தோற்றது. சட்டம் போட்டால், கேள்விப்படாத பெண்களுக்கும் இப்படி ஒன்று உண்டு என்று தெரிந்துவிடுமே என்பதுதான் அங்கே எதிர்த்துப் பேசியவர்களின் கவலை. அந்த விவாதத்துக்கு 50 வருஷம் முன்பு எழுதப்பட்ட பெண் லாரா. தனக்கு நேர்வது என்ன என்று தெரியாமல் தவிக்கும் அவளை என்னால் அசடு என்று நினைக்க முடியவில்லை.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கார்மில்லாவுக்கு இருந்தது காதலா, பசியா? வாசகர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். நாவலே ஒரு விடை வைத்திருக்கிறது, அதுவும் கடைசி அத்தியாயத்தில், தகவல் சொல்வது போன்ற வறண்ட நடையில். வோர்டன்பர்க் பிரபு என்ற வயதானவர் இந்த ரத்தக் காட்டேரிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் படித்தவர். அவர் சொல்லும் விதி இது: சில இரைகளிடம் இவை நேராகப் போய்ப் பாய்ந்து, பல சமயம் ஒரே விருந்தில் காரியத்தை முடித்துவிடும். வேறு சிலரிடம் காதலைப் போன்ற ஒரு வேகம் பிறந்துவிடும். அப்போது அவை காத்திருக்கும், நயந்து பேசும், மெல்ல மெல்ல நெருங்கும். எதிராளியின் மனம் இசைய வேண்டும், சம்மதம் கிடைக்க வேண்டும் என்று ஏங்குவது போலவே தோன்றும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நாவலைத் திரும்பப் படியுங்கள். அக்கம்பக்கத்துக் குடியானவப் பெண்கள் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். பன்றி மேய்ப்பவனின் இளம் மனைவி, முந்தின நாள் வரை நன்றாக இருந்தவள், ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறாள். காட்டுக் காவலரின் மகள் இரண்டு வாரத்தில். அவர்களிடம் கார்மில்லா ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். அந்த மகளின் சவ ஊர்வலம் பாட்டோடு வரும்போது லாரா எழுந்து நின்று கூடவே பாடுகிறாள். கார்மில்லாவோ காதைப் பொத்திக்கொண்டு எரிந்து விழுகிறாள், உடம்பெல்லாம் நடுங்குகிறது. அந்தச் சாவுகளில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லாதது போல. லாராவிடம் மட்டும் அவள் உட்கார்ந்து பேசுகிறாள், தலைமுடியைக் கையில் அளைந்துகொண்டிருக்கிறாள், வாரக்கணக்கில் நாளைக் கடத்துகிறாள். அந்தத் தாமதம்தான் காதல். அந்தத் தாமதத்தால்தான் லாரா பிழைக்கிறாள், கார்மில்லா பிடிபடுகிறாள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெனரலின் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. முகமூடி நடனம் ஒன்றில் அறிமுகமான மில்லார்கா என்ற பெண் பெர்த்தாவின் அன்பைப் பெற்று வீட்டோடு தங்கினாள். பெர்த்தா செத்துப்போனாள். மில்லார்காவும் கார்மில்லாவும் ஒருத்தியே. அப்படியானால் லாராவிடம் சொன்ன வார்த்தைகளை பெர்த்தாவிடமும் சொல்லியிருப்பாள். இதை மறைத்துவிட்டு அவளைக் காவியக் காதலி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவள் கொலைகாரி. காதலித்தவளையே குடித்துத் தீர்க்கும்படி ஆகிப்போனவள். லெ ஃபானு இதில் எந்தப் பாதியையும் தள்ளுபடி செய்யவில்லை.

அவள் இப்படி ஆனது எப்படி என்பதற்கு ஒரே ஒரு தடயம் கொடுக்கிறார். தன் முதல் நடனத்தை நினைவுகூரும் கார்மில்லா, அன்று இரவு படுக்கையிலேயே தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள். அதுவும் ஒரு கொடூரமான காதல்தான் என்கிறாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை. இதற்குச் சற்று முன்னால் வீட்டுக்கு ஒரு பழைய ஓவியம் சுத்தம் செய்யப்பட்டு வந்திருக்கிறது. கறுத்துப்போன வண்ணத்துக்கு அடியில் அச்சு அசல் கார்மில்லாவின் முகம், கூடவே மிர்கல்லா, கார்ன்ஸ்டைன் சீமாட்டி, 1698 என்ற எழுத்து. பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் 150 வருஷம் அலைந்திருக்கிறாள். இறந்துபோன லாராவின் தாயும் அதே கார்ன்ஸ்டைன் வம்சம். லாரா அந்த ஓவியத்தைத் தன் அறையில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள்.

இதைவிட நெஞ்சை அடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ராத்திரி இருட்டில் லாராவுக்கு ஒரு குரல் கேட்கிறது: கொல்ல வந்தவரிடம் எச்சரிக்கையாக இரு என்று உன் தாய் சொல்கிறாள். உடனே வெளிச்சம். கட்டில் காலடியில் கார்மில்லா நிற்கிறாள், வெள்ளை இரவு உடை முழுக்க ரத்தம். லாரா அலறிக்கொண்டு ஓடுகிறாள், எதற்கு? யாரோ கார்மில்லாவைக் கொல்கிறார்கள் என்று நினைத்து, அவளைக் காப்பாற்ற. இறந்த தாயே வந்து சொல்லியும் அவளுக்குப் புரிந்தது அதுதான்.

உயிரோடு இருக்கும் ஆண்கள் அவ்வளவுகூடச் சொல்வதில்லை. டாக்டர் லாராவின் கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன நீலப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார், அப்பாவைத் தனியே அழைத்துப் பேசுகிறார். அப்பா மகளிடம் வாய் திறப்பதில்லை. பிறகு ஜெனரலோடு போயிருந்த கார்ன்ஸ்டைன் தேவாலயத்தின் இடிபாட்டில் கார்மில்லா புன்னகையோடு உள்ளே வரும்போது லாரா அவளை வரவேற்கத்தான் எழப்போகிறாள். அதற்குள் பக்கத்தில் இருந்த ஜெனரல் கோடரியோடு பாய்கிறார். கார்மில்லாவின் முகம் மிருகமாக மாறுகிறது, அவர் மணிக்கட்டைப் பற்றுகிறாள், கோடரி நழுவி விழுகிறது, அவள் மறைந்துவிடுகிறாள். லாராவும் அவளும் பார்த்துக்கொண்டது அதோடு சரி. விடைபெறும் பேச்சு கிடையாது.

மறுநாள் மிர்கல்லாவின் கல்லறையைத் தோண்டுகிறார்கள். மார்பில் கழி இறக்கி, தலையை வெட்டி, உடலை எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். லாரா அங்கே இல்லை. அப்பாவிடம் அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கை ஒரு பிரதி இருக்கிறது, உடனிருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது. அதைப் பார்த்துத்தான் அவள் இந்தப் பகுதியை எழுதுகிறாள். தன்னைக் காதலித்தவளின் மரணம் அவளுக்கு ஒரு அலுவலகக் காகிதமாக வந்து சேர்கிறது. அந்தப் பக்கங்களில் அவள் குரலே கேட்பதில்லை. ஒரு துக்கத்தைச் சொல்ல லெ ஃபானு கண்டுபிடித்த வழி இது. இதற்கு ஈடான இன்னொன்றை அந்தக் காலத்துத் திகில் கதைகளில் நான் படித்ததில்லை.

பெண்களுக்கிடையிலான காதல் கதை என்றாலே சாவில்தான் முடியும் என்று இன்றைய வாசகர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. 1952இல் அமெரிக்காவில் வின் பேக்கர் என்ற புனைபெயரில் மரிஜேன் மீக்கர் 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலை எழுதியபோது, நல்லபடியாக முடித்தால் தபால் துறை புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியரே சொல்லி முடிவைத் துயரமாக்கவைத்தார். அதே வருஷம் பட்ரீஷியா ஹைஸ்மித்தும் புனைபெயரில்தான் எழுதினார், ஆனால் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலின் கடைசிப் பக்கத்தில் காதலுக்கு வழி திறந்துவிட்டார். வெளியிலிருந்து ஒட்டப்பட்ட சோகம் வேறு, கதைக்குள்ளேயே விளைந்த சோகம் வேறு. கார்மில்லாவில் இரண்டும் உண்டு. கழியும் கோடரியும் அன்றைய சமூகம் கேட்ட முடிவு. அது முடிந்து, ஒரு வருஷத்துக்கு மேல் இத்தாலியில் சுற்றி, இன்னும் பல வருஷம் கழித்து லாரா எழுத உட்காரும்போது கார்மில்லா அவளுக்குச் சில சமயம் அந்த விளையாட்டுத்தனமான அழகுப் பெண்ணாகவும், சில சமயம் இடிபாட்டில் பார்த்த பிசாசாகவும் நினைவுக்கு வருகிறாள். கூடத்து வாசலில் அவள் காலடி கேட்டது போலத் திடுக்கிடுகிறாள். இந்த முடிவை லெ ஃபானுவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது அவராக எழுதியது.

படிக்கப் போகிறவர்கள் முன்னுரையை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். ரொம்பச் சின்னது, பலரும் கவனிப்பதில்லை. டாக்டர் ஹெசீலியஸ் என்பவரின் காகிதங்களிலிருந்து இந்த வரலாறு எடுக்கப்பட்டதாகவும், எழுதிய பெண்ணோடு மீண்டும் தொடர்புகொள்ள நினைத்தபோது அவள் இறந்துபோயிருந்தாள் என்றும் அதில் வருகிறது. எப்படி இறந்தாள் என்று எழுதவில்லை. கார்மில்லாவின் பல்பட்டவர்கள் செத்த பிறகு என்ன ஆவார்கள் என்பதை அந்த வறண்ட கடைசி அத்தியாயம் ஏற்கனவே சொல்லியிருக்கிறது.