தட்டைப் புரட்டிப் பாருங்க! பட்டுக்கு முத்திரை உண்டு, பீங்கானுக்கு?

ஆரணி–

ஆரணியில் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்கள் லேசில் ஏமாற மாட்டார்கள். சேலையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார்கள். "கைத்தறியா, விசைத்தறியா?" என்று கேட்பார்கள். "சில்க் மார்க் இருக்கா?" என்றும் கேட்பார்கள்.

அதே ஆட்கள் பாண்டிச்சேரிக்கு டூர் போனால் கதையே வேறு. கலர் பீங்கான் தட்டைக் கண்டதும் மயங்கி விடுகிறார்கள். "கையால செஞ்சதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பர்ஸ் திறந்து விடும்!

ஊறுகாய் ஜாடி ஜாதி

'ஸ்டோன்வேர்' என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த ஜாதிதான். மண்சட்டி 1,000 டிகிரிக்குள் வெந்து விடும். இதற்கு 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண் கல்லாக இறுகும். தண்ணீர் குடிக்காது.

புதுவையில் இந்தத் தொழிலுக்கு வித்திட்டவர்கள் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1971-ல் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கி, உள்ளூர் ஆட்களுக்கும் வேலை கற்றுக் கொடுத்தார்கள். கற்றவர்களில் பலர் பிறகு சொந்தப் பட்டறை போட்டார்கள்.

விலை ஏன்?

மண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, காய வைத்து, அடியைச் சீவி, ஒரு முறை சுட வேண்டும். பிறகு பூச்சில் முக்கி, மறுபடியும் சூளை. அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் விரிசல்தான்! வேகும்போது மண் சுருங்கும். கோணிப்போன தட்டு அத்தனையும் பட்டறைக்காரருக்கு நஷ்டம்.

மிஷின் தட்டைப் பக்கத்தில் வைத்து, "இதுவும் கைவேலைதான்" என்று விற்றால் அவர் பிழைப்பு என்ன ஆகும்? ஆரணி நெசவாளிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கைத்தறிக்கு 1985-ல் ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பட்டுக்கு 2004-ல் சில்க் மார்க் வந்தது. தட்டுக்கு வாங்குகிறவர் கண்தான் முத்திரை!

சோதிப்பது எப்படி?

தட்டைப் புரட்டுங்கள். அடி வட்டத்தில் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் சரியாக வேகாத மண்.

விரலால் சுண்டுங்கள். 'கணீர்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல் இருக்கலாம்.

ஆறு தட்டை அடுக்கிப் பாருங்கள். அத்தனையும் அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகம்தான். கைவேலையில் மயிரிழையாவது மாறும்.

முக்கியமான விஷயம்: குறைந்த சூட்டில் வேகும் சில பூச்சுகளில் ஈயம் கலப்பதுண்டு. புளிக்குழம்பு பட்டால் அது கசியும். கண்ணுக்குத் தெரியாது. "சாப்பிட ஆகுமா, ஷோவுக்கு மட்டுமா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சேலை மேலே கட்டுவது. தட்டில் இருப்பது வயிற்றுக்குள் போவது!