பந்தய மோட்டாரும் பாங்கிக் கடனும்

சோழவரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பக்கத்தில் இரண்டாவது உலக மகா யுத்த காலத்தில் போட்ட இராணுவ விமான ஓடுபாதை ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு அங்கே பந்தய மோட்டார்கள் வந்து சேர்ந்தன. பந்தய நாட்களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய், காதைப் பொத்திக்கொண்டும் கண்ணை அகல விரித்துக்கொண்டும் வேடிக்கை பார்த்தார்கள். பிற்பாடு பந்தயங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன.

சோழவரத்தில் பெயரெடுத்தவர்களுள் இருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். ஒருவர் கோயம்புத்தூர் ஸ்ரீ கரிவர்தன். மற்றவர் பெங்களூர் ஸ்ரீ விஜய் மல்லையா. இருவரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். கரிவர்தன் மோட்டார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். சாமானியப் பிள்ளைகளும் ஓட்டிப் பழகவேண்டும் என்று 'பார்முலா மாருதி' என்னும் மலிவான பந்தய வண்டியை உண்டாக்கினார். அதில் பழகியவர்களில் ஒருவர்தான் 2005-ல் 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தொன்றில் காலமானார். கோயம்புத்தூரில் ஒரு பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மல்லையா 1980-களில் சோழவரத்தில் ஓட்டியது 'என்சைன்' என்னும் பழைய பார்முலா ஒன் வண்டி. உலகப் பந்தயங்களுக்கென்றே இங்கிலாந்தில் கட்டப்பட்ட வகை. 1983-ல் தகப்பனார் விட்டல் மல்லையா இறந்தபோது, இருபத்தேழு வயதில் மதுபானத் தொழில் முழுவதும் அவர் கைக்கு வந்தது. 2002-லும் 2010-லும் ராஜ்ய சபை அங்கத்தினரானார். 2005-ல் கிங்பிஷர் விமானக் கம்பெனியை ஆரம்பித்தார். 2007-ல் ஒரு டச்சுக்காரருடன் கூட்டுச் சேர்ந்து பார்முலா ஒன் கோஷ்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஜோர்டான் கோஷ்டிதான் கை மாறிக் கை மாறி அவரிடம் வந்தது. அதற்கு 'போர்ஸ் இந்தியா' என்று பெயர் சூட்டினார். வண்டிக்கு மூவர்ணமும் பூசினார். ஆனால் அந்தக் கோஷ்டியின் பட்டறை இருந்தது இங்கிலாந்தில். 2009 முதல் எஞ்சின் ஜெர்மானியக் கம்பெனியுடையது. கோஷ்டி இருந்த பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் ஓர் இந்தியர்கூட அந்த வண்டியை உலகப் பந்தயத்தில் ஓட்டவில்லை. தேசபக்தியை வர்ணம் பூசும் வேலையாக்கிவிட்டால் செலவு எவ்வளவோ குறையும்!

2009-ஆம் வருஷத்தை நேயர்கள் சற்றுக் கவனிக்கவேண்டும். அந்த மார்ச்சில் நியூயார்க்கில் மகாத்மாவின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், உண்கலம் ஆகியவை ஏலத்துக்கு வந்தன. 18 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை எடுத்தவர் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவரின் மூக்குக்கண்ணாடியைச் சாராயப் பணம் வாங்கியது என்று அப்போதே பலர் முணுமுணுத்தார்கள். ஆகஸ்டில் பெல்ஜியத்தில் நடந்த பந்தயத்தில் போர்ஸ் இந்தியா வண்டி இரண்டாவதாக வந்தது. பத்திரிகைகளெல்லாம் பூரித்துப் போயின. அக்டோபரிலும் நவம்பரிலும் ஐ.டி.பி.ஐ. பாங்கி கிங்பிஷர் விமானக் கம்பெனிக்குச் சுமார் 900 கோடி ரூபாய் கடன் கொடுத்தது.

அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாள் முதல் ஒரு வருஷமாவது லாபம் கண்டதில்லை. அப்படியிருக்கக் கடன் எதை நம்பிக் கொடுக்கப்பட்டது? ஈடுகளில் முக்கியமான ஒன்று 'கிங்பிஷர்' என்ற பெயர். அந்தப் பெயருக்கே ஆயிரக்கணக்கான கோடி மதிப்புப் போட்டிருந்தார்கள்.

முத்துக் குளித்த கடற்கரைக்காரர்களான நமக்கு இது விளங்காத விஷயமல்ல. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா, வெறும் சதைதானா என்பது எடுத்தவன் அதிர்ஷ்டம். ஆனால் குளிப்பு ஆரம்பிக்குமுன் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்புத் தெரிந்தவர்களிடம் காட்டிய பிறகே தேதி குறிப்பார்கள். பாங்கிக்காரர்கள் அவ்வளவுகூடச் செய்யவில்லை என்றுதான், பிற்பாடு வழக்கைக் கேட்ட லண்டன் மாஜிஸ்டிரேட் அபிப்பிராயப்பட்டார். பாங்கிகள் தங்கள் சொந்த விதிகளையே மீறியது கண்கூடு என்றும், அந்த மனிதரின் பகட்டிலும் புகழிலும் அவர்கள் மயங்கியிருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

நம் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறது. சிவப்பு வர்ணம் பூசிய கிங்பிஷர் விமானம் சென்னையிலிருந்து அங்கேயும் வந்து போய்க்கொண்டிருந்தது. 2012 அக்டோபரில் கம்பெனியின் விமானங்கள் அனைத்தும் நின்றன. ஊழியர்களுக்கு அதற்கு முன்பே பல மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் பிடித்துக்கொண்ட வருமான வரியையும் கம்பெனி சர்க்காருக்குச் சரிவரக் கட்டவில்லை. அந்த டிசம்பரில் மல்லையா தமது பிறந்த நாளுக்குத் திருப்பதி வேங்கடாசலபதிக்கு மூன்று கிலோ தங்கம் காணிக்கை செலுத்தினார். பந்தயக் கோஷ்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 2011-லேயே அதில் பங்கு வாங்கிக் கூட்டாளியான சகாரா கம்பெனித் தலைவர் சுப்ரத ராய், முதலீட்டாளர் பணத்தைத் திருப்பிக் கொடுக்காத விவகாரத்தில் 2014-ல் சிறை சென்றார்.

மல்லையாவின்மேல் சர்க்கார் தரப்புக் குற்றச்சாட்டு இது: பொய்யான கணிப்புகளைக் காட்டிக் கடன் பெற்றார்; அந்தப் பணத்தில் ஒரு பகுதி பந்தயக் கோஷ்டி உள்பட வேறு காரியங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. அவர் இதை மறுத்து வந்திருக்கிறார். தொழில் நொடித்தது மோசடியாகாது என்பது அவர் வாதம். இந்தியக் கோர்ட்டில் விசாரணை நடந்து தீர்ப்பாகாத விஷயத்தில் நாம் நீதிபதியாக உட்கார விரும்பவில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒப்பான வழக்கொன்று தீர்ப்பு வரையில் போயிற்று. ஸ்காட் டக்கர் என்பவர் நாற்பது வயதுக்கு மேல் பந்தயத்தில் இறங்கி, 2011-ல் பிரான்ஸ் தேசத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் மூன்றாவதாக வந்தார். சொந்தக் கோஷ்டி, சொந்த விமானம். பணம் வந்த வழி, சம்பள நாள் வரையில் ஏழைகளுக்குக் கொடுக்கும் கைமாற்று. 500 டாலர் வாங்கினால் 650 டாலர் திருப்பினால் போதும் என்று பத்திரத்தில் போட்டிருக்கும். ஆனால் சம்பளம் வரும்போதெல்லாம் பாங்கிக் கணக்கிலிருந்து வட்டியை மட்டும் தானாகவே பிடித்துக்கொண்டு, முதலை அப்படியே விட்டுவைப்பார்கள். கடைசியில் 1,925 டாலர் வரையில் போகும். கடன்பட்டவர்கள் 45 லட்சம் பேர். 2017 அக்டோபரில் நியூயார்க் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். தண்டனை பதினாறு வருஷம் எட்டு மாதம். அதே அக்டோபரில்தான் நமது திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் நம் மாகாணத்தில் 2003 முதல் இருக்கிறது.

மல்லையா 2016 மார்ச்சு 2-ந் தேதி இந்தியாவை விட்டுப் போனார். பதினேழு பாங்கிகள் அப்போது கேட்ட தொகை வட்டியோடு சுமார் 9,000 கோடி. 2018 டிசம்பரில் லண்டன் கோர்ட்டு அவரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்றது. 2020-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. 2019-ல் பொருளாதாரக் குற்றம் செய்து தலைமறைவானவர் என்று புதுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட முதல் மனிதரானார். கோர்ட்டு உத்தரவை மீறி 4 கோடி டாலரை மக்கள் பெயருக்கு மாற்றியதற்காக 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு நாலு மாதச் சிறை விதித்தது. அவருடைய பங்குகளையும் சொத்துக்களையும் விற்றுப் பாங்கிகளுக்கு 14,131 கோடி திருப்பித் தரப்பட்டதாக 2024 டிசம்பரில் நிதி மந்திரி பார்லிமெண்டில் தெரிவித்தார். கோர்ட்டு தீர்த்த கடனுக்கு இருமடங்கு எடுத்துக்கொண்டார்கள் என்று மல்லையா அதையே காட்டிப் பேசலானார்.

போர்ஸ் இந்தியா கோஷ்டி 2018-ல் நொடித்து, கானடா தேசத்துப் பணக்காரர் ஒருவரின் தலைமையிலான கூட்டத்தாரிடம் போயிற்று. ஆயிரக்கணக்கான கோடி பெறும் என்று மதித்த 'கிங்பிஷர்' பெயரைப் பாங்கிகள் 2016 ஏப்ரலில் 366 கோடியே 70 லட்சத்துக்கு ஏலத்தில் வைத்தபோது ஒருவரும் விலை கேட்கவில்லை. பம்பாய் விமான நிலையத்துக்கு அருகிலிருந்த கம்பெனியின் மாளிகையை முதலில் 150 கோடி என்று கூவினார்கள். பல தடவை ஏலம் போட்டும் ஆள் வராமல், 2021-ல் 52 கோடி சொச்சத்துக்குப் போயிற்று.