கண்ணாடிப் பேழையும் மண்பானையும்

தென்காசி மாவட்டத்துச் சிவகிரிக்கு மேற்கே, பெரியாற்றின் தலையூற்றைத் தன்னுள் கொண்டதென்று சொல்லப்படும் மலைத்தொடர் ஓங்கி நிற்க, கிழக்கே அம்மலையின் நீரை ஏந்தும் குளங்களும், அவற்றின் பாசனத்தில் விளையும் நெல்லும் கரும்பும், எலுமிச்சைத் தோட்டங்களும், அவற்றுக்கப்பால் வானத்தை நம்பிய மானாவாரி நிலங்களும் பரந்து கிடக்கின்றன. அதிகப் பரப்பில்லாத இந்தப் பிரதேசத்துக்குள்ளேயே, ஆயுளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் விஷமற்ற பாம்புகளுள் இரண்டு வகையைக் காணலாம். சமவெளியின் வறண்ட, பொலபொலத்த மண்ணில் புதைந்திருப்பது மண்ணுளிப் பாம்பு. மழுங்கிய வால் தலையைப் போலவே தோற்றமளிப்பதால் இருதலை மணியன் என்றும் ஜனங்கள் இதனை அழைக்கிறார்கள். மலைமேல், சோலைக் காட்டின் ஈரம் வற்றாத நிழல்மண்ணில் வசிப்பது கேடயவால் பாம்பு.

இந்தக் கேடயவால் பாம்பைப் பற்றி நம்மவர் அதிகம் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. ஏனெனில் தீபகற்ப இந்தியாவின் மலைகளிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்குமே இல்லாத குடும்பம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறையில் உயர்பதவி வகித்த ரிச்சர்டு ஹென்றி பெடோம் என்பவர்தாம் இதன் இனங்களிற் பலவற்றை முதன்முதலாக விவரித்தவர். கூரிய தலையால் மண்ணைப் பிளந்து, முன்னுடம்பின் வலிய தசைகளால் வழியை அகலப்படுத்திக்கொண்டு செல்லும் இப்பிராணியின் வால் நுனியிலே சொரசொரப்பான கேடயம் போன்றதொரு பாகம் அமைந்திருக்கிறது. அதில் ஒட்டிக்கொள்ளும் மண், பின்னால் திறந்து கிடக்கும் வளைக்கு மூடியாகி விடுகிறது. மண்புழுவே இதற்குப் பிரதான ஆகாரம். முட்டையிடாமல் குட்டிகளையே ஈனும். ஒளி படும்போது இதன் செதில்களில் வானவில்லின் வர்ணங்கள் ஓடும்.

மண்ணுளிக்குச் சுகமான மண் கேடயவாலுக்கு மரண சிட்சை. கேடயவால் செழித்திருக்கும் ஈரத்தில் மண்ணுளியின் தோலிலே நோய் பற்றிவிடும். பாம்பைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பராமரிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. பேழைக்குள் பாம்பை வைப்பது எவருக்கும் கூடும். அந்தப் பாம்பின் ஊரையும் பருவத்தையும் அதற்குள் வைப்பதுதான் சாதனை.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். நாம் உண்ணும் உணவில் பெரும்பங்கு நம் சரீரத்தை 37 டிகிரியில் நிலைநிறுத்துவதற்கே செலவாகிறது. பாம்பு அந்தச் செலவைச் செய்வதில்லை. தனக்கு வேண்டிய உஷ்ணத்தை வெயிலிலிருந்தும் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. அதனாலேயே வாரத்துக்கொரு முறையோ, இரண்டு வாரத்துக்கொரு முறையோ உண்டு அதனால் ஜீவிக்க முடிகிறது. அடைகாக்கும் மலைப்பாம்பு தன் தசைகளை இடைவிடாது துடிக்கச் செய்து முட்டைகளுக்குச் சூடூட்டுவது இதற்கொரு அதிசயமான விலக்கு. மற்றபடி, இரையை விழுங்கிய பாம்புக்குப் போதிய வெப்பம் கிட்டாவிட்டால் ஜீரணம் நின்றுபோய், இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும்; அதைக் கக்கிவிடவும் கூடும்.

பேழையின் பூர்வ சரித்திரம் செடிகளிலிருந்து தொடங்குகிறது. 1829ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் நதானியேல் வார்டு, பூச்சியொன்றின் கூட்டுப்புழுவை மூடிய சீசாவில் இட்டு வைத்திருந்தபோது, அதிலிருந்த ஈரமண்ணில் பெரணிச் செடி தானாக முளைத்துத் தழைப்பதைக் கண்டார். கண்ணாடிக்குள் ஒரு தனிச் சீதோஷ்ணத்தை உண்டாக்கலாம் என்ற அந்த அறிவு, பிற்பாடு பிராணிகளுக்கும் பயன்பட்டது. 1849இல் லண்டன் விலங்குக் காட்சிசாலை ஊர்வனவற்றுக்கென்றே தனியொரு இல்லத்தைத் திறந்தது.

இன்றைய பேழையில் முதன்மையானது உஷ்ணத்தின் ஏற்றத்தாழ்வு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து உலகெங்கும் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொண்டால், பேழையின் ஒரு கோடியில் 32 டிகிரியும் மறு கோடியில் 25, 26 டிகிரியும் இருக்கும்படி அமைக்கிறார்கள். பாம்பு தன் தேவைக்கேற்ப இங்குமங்கும் நகர்ந்துகொள்ளும். இரு கோடியிலும் ஒவ்வொரு மறைவிடம் இருந்தாக வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால், பயந்த சுபாவமுள்ள அப்பிராணி உஷ்ணத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒன்றைத் தியாகம் செய்யும்படி ஆகிவிடும். அடியில் வைக்கும் சூட்டுத் தகடு தெர்மோஸ்டாட் இல்லாமல் இயங்கலாகாது. தகடு அளவுக்கு மீறிக் கொதித்தாலும் பாம்பு விலகாமல் அதன்மேலேயே கிடந்து வயிறு வெந்துபோவதுண்டு. தரைக்கு நம் தென்னை நார்க் கழிவைக் காட்டிலும் உகந்தது அரிது. ஈரத்தைத் தாங்கிச் சிறிது சிறிதாக விடும் குணம் அதற்கு உண்டு.

ஆனால் குளிர்நாட்டு நூல்கள் சூடேற்றும் விதத்தையே விஸ்தாரமாகப் போதிக்கின்றன. சித்திரை வைகாசியில் 35 டிகிரியைத் தாண்டும் சிவகிரியின் ஓட்டு வீட்டிலோ மாடி அறையிலோ அந்தப் போதனை தலைகீழாகிவிடும். இங்கே பேழையின் சூடான கோடியைப் பற்றிக் கவலையில்லை. குளிர்ந்த கோடி என்று ஒன்று இல்லாமற்போவதே அபாயம். ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் வைத்த கண்ணாடிப் பேழை சிறிது நேரத்திலேயே உள்ளிருக்கும் உயிரைக் கொன்றுவிடக் கூடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துச் சாரலும் காற்றும் வீசும்போதோ காற்றின் ஈரம் வேறாகிவிடுகிறது. காற்றோட்டத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

இந்த ஈரத்தின் மதிப்பு சட்டை உரிக்கும் காலத்தில் புலப்படும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணின்மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்றே மூடியாயிருக்கிறது. உரிக்குமுன் அக்கண் பால்படிந்து நீலமாகி, சில தினங்களுக்குப் பின் தெளிந்து, அதன்பிறகே பழைய தோல் மூக்கு நுனியிலிருந்து கழலத் தொடங்கும். ஈரம் போதுமானால் தோல் முழுதாக வரும். போதாவிட்டால் துண்டு துண்டாகக் கிழிந்து, கண்ணின்மேலுள்ள செதில் கழலாமல் தங்கிவிடும். உணவைப் பொறுத்தமட்டில், பாம்பு பால் குடிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. தாகத்தால் வாடவைக்கப்பட்ட பாம்பு எந்தத் திரவத்தையும் அருந்தும் என்பதே உண்மை. வளர்ப்போர் பெரும்பாலும் உறைய வைத்துப் பின் இளஞ்சூடாக்கிய எலியையே கொடுக்கிறார்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறியதுண்டு.

இவ்வளவும் எத்தனை காலத்துக்கு? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் காட்சிசாலைக்கு 1961இல் வந்த பந்து மலைப்பாம்பு ஒன்று, 2020இல் அறுபது வயது கடந்த நிலையில், பல்லாண்டுகளாக ஆண்துணையின்றி இருந்தும் முட்டையிட்டது. வாலிபத்தில் விளையாட்டாக வாங்குபவர் முதுமைவரை தாங்க வேண்டிய பொறுப்பு இது.

கண்ணாடியும் மின்சாரமும் இன்றியே இதே தத்துவத்தைக் கையாள்வோர் நம் நாட்டில் இருக்கிறார்கள். பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்து வந்த இருளர் பழங்குடியினர், 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினாலும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையினாலும் ஜீவனோபாயத்தை இழந்தனர். சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியும் துணைநிற்க, 1978இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள வடநெம்மேலியில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, மணலிட்ட மண்பானைகளில் வைத்து, வாயைப் பருத்தித் துணியால் கட்டுகிறார்கள். மண்பானையின் நுண்துளைகள் உள்ளே குளிர்ச்சி காக்கின்றன. துணி காற்றை விடுகிறது. இருட்டு பாம்பை அமைதிப்படுத்துகிறது. சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளிவிட்டு விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, வெகு காலம் தாமதித்து வந்த மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

இருளர்களுக்கு இருப்பது அரசாங்க அனுமதி. மற்றவர் எவரும் நாகத்தையோ சாரையையோ மண்ணுளியையோ பிடித்து வீட்டில் வைப்பது மேற்சொன்ன சட்டப்படி குற்றம். மண்ணுளி செல்வம் தரும் என்று மயக்கி, பெருந்தொகைக்கு அதை விற்கும் கூட்டத்தார் தமிழ்நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். அந்தப் பேராசையினால் ஒரு நிரபராதியான உயிர் சாக்குப் பையில் மூச்சுமுட்டிக் கிடப்பதை எண்ணினால் மனம் பதைக்கிறது. அந்நிய நாட்டுப் பாம்புகளிலும், வனவுயிர் வர்த்தகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் அடங்கிய பந்து மலைப்பாம்பு போன்றவற்றை வைத்திருப்போர் அரசாங்கத்திடம் பதிந்துகொள்ள வேண்டுமென 2024இல் விதிகள் பிறந்தன.

சிவகிரி வட்டாரத்தில் மழைநாளில் வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால், தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்புவதும், அவர்கள் வருமட்டும் எட்ட நின்று அது எங்கே ஒதுங்குகிறதென்று கவனித்திருப்பதுமே செய்யத்தக்கவை. பிடித்த பாம்பைத் தளர்வான பருத்திப் பையில் இட்டு, வெயில் படாமல் கொண்டுபோய், பிடிபட்ட இடத்துக்கு வெகு தொலைவில்லாத புதர் நிலத்தில் விடுவதே முறை. தன் வளையும் நீர்நிலையும் அறிந்த வட்டாரத்தை விட்டுத் தூரதேசத்தில் விடப்பட்ட பாம்பு திக்குத் தெரியாமல் அலைந்து மடிவது அடிக்கடி நேர்கிறது.