தேகத்தின் காவற்காரன்

குழந்தையின் காலில் முள் தைத்துவிடுகிறது. முள்ளை எடுத்துவிடுகிறோம். ஆயினும் மறுநாள் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுடுகிறது. "ஐயோ, பாவம்!" என்று தாயார் மனம் பதறுகிறாள். ஆனால் அந்த வீக்கத்தினுள்ளே குழந்தைக்காக ஒரு பெரும் போர் நடக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்களா?

அந்தப் போரை முதன்முதலில் கண்டறிந்தவர் ருஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாப். 1882-ஆம் ஆண்டில், ஸிஸிலித் தீவிலுள்ள மெஸ்ஸினாவில், வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த சமயம். கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளின் மேனியில் அவர் ரோஜா முட்களைச் செருகினார். மறுநாட் காலையில் பார்த்தால், ஜீவ அணுக்கள் கூட்டங் கூட்டமாய் முள்ளைச் சூழ்ந்திருந்தன! இத்தகைய அணுக்களில் பெரியவற்றுக்கு 'மாக்ரோபேஜ்', அதாவது 'பெருந்தீனிக்காரன்', என்று அவர் பெயரிட்டார். 1908-இல் நோபெல் பரிசு அவருக்கும் எர்லிக் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

சரி, வந்தவன் பகைவன் என்று இந்தக் காவற்காரனுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. 'டோல்' என்னும் ஜீன் பழுதுபட்ட பழ ஈக்கள் காளானுக்குப் பலியாவதை 1996-இல் ஹாப்மன் குழுவினர் கண்டனர். 1998-இல் பாய்ட்லர் குழுவினர் எலிகளிடத்தில் அதன் உறவு ஜீன் ஒன்றைக் கண்டனர். அந்த ஜீன் கெட்ட எலிகள், கிருமிச் சுவரின் விஷக் கொழுப்பை உணரவே இல்லை. 2011-இல் இவ்விருவருக்கும் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்தக் கொழுப்பு அணுவின் வாயில்மணியை அடித்ததும், உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிச் செல்கிறது. 'என்.எப். கப்பா பி' என்னும் புரோட்டீன் அதுவரை மற்றொரு புரோட்டீனின் சிறையில் கிடக்கிறது. செய்தி வந்ததும் சிறை காப்பவன் அழிக்கப்படுகிறான். விடுபட்ட கைதி அணுவின் கருவுக்குள் நுழைந்து ஜீன்களைத் தட்டி எழுப்புகிறான். உடனே அபாயச் செய்தி தாங்கிய ரசங்கள் புறப்படுகின்றன. காய்ச்சலும் வீக்கமும் அவற்றின் வேலையே.

அந்த மணியை நாமே மெல்ல அடிக்க முடியாதா? முடியும். அதே விஷக் கொழுப்பினின்று ஒரு பாஸ்பேட் பகுதி முதலியவற்றை நீக்கினால், விஷம் மிகவும் தணிந்து, எழுப்பும் சக்தி மட்டும் எஞ்சுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்காக அமெரிக்காவில் 2009-இல் அநுமதி பெற்ற ஒரு தடுப்பூசியில் இப்பொருள் சேர்க்கப்பட்டிருந்தது.

ஆனால், மணியை ஓயாமல் அடித்தால்? தேகம் முழுவதும் அபாயக் குரல் பரவி, ரத்த அழுத்தம் வீழ்ந்து, அவயவங்கள் ஓய்ந்து உயிரே போகக்கூடும். கிருமியோடு காவற்காரனும் சேர்ந்து வீட்டை இடிக்கிறான்! ஆகையால், "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவோம்" என்று எவரேனும் மருந்து விற்க வந்தால், "எவ்வளவு பெருக்குவீர், ஐயா? எப்போது நிறுத்துவீர்?" என்று கேட்டுவிடுங்கள். காவற்காரனை எழுப்பத் தெரிந்தால் மட்டும் போதாது; அவனை மீண்டும் உறங்க வைக்கவும் தெரியவேண்டும் அல்லவா?