பட்டமளிப்பும் படியளப்பும்

சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவுக்குச் செல்வோர் மேடையையும் முன்வரிசையையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நர்ஸிங் படித்துத் தேறிய பெண்கள் பட்டம் பெறும் நாளிலேனும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். அங்கே வெளுத்த வேஷ்டியும் மடித்த துண்டுமாகத் தகப்பன்மார் அமர்ந்திருப்பர். கையிலுள்ள அழைப்பிதழின் ஆங்கிலத்தை அவர்களிற் பலர் படிக்க அறியார். ஆயினும் அதைக் கசங்காமல் வைத்திருப்பர். பக்கத்தில் இருக்கும் தாய்மாரின் கழுத்து மூளியாக இருந்தால், நான்கு வருஷச் சம்பளம் எங்கிருந்து வந்ததென்று கேட்க வேண்டுவதில்லை. மகளின் பெயரை மேடையில் வாசிப்பவர் தப்பும் தவறுமாகவே வாசிப்பார். அப்படியிருந்தும் பின்வரிசையில் ஒருவர் சட்டென்று எழுந்து நிற்பார். அவருக்காக நாமும் கைதட்டுகிறோம். பட்டம் பெற்ற பெண்கள் யாவருக்கும், இப்போது கணிசமாகச் சேர்ந்துவரும் ஆடவர்க்கும், எமது மனமார்ந்த வாழ்த்துக்கள் உரியனவாகுக.

இவ்வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டால் யாரும் எம்மைக் குறைகூறப் போவதில்லை. ஆனால் பத்திரிகையின் கடமை அவ்வளவில் தீர்ந்துவிடாது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. மற்ற மூன்றுக்கும் எத்துணை இலக்கணமோ அத்துணை இலக்கணம் இவனுக்கும் உண்டென்று உரைகாரர்கள் விரித்தனர். டாக்டர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வார்டைச் சுற்றி வருவார், மருந்து புட்டியிலிருக்கும், நோயாளியோ தன்னறிவில் இருப்பதில்லை. நள்ளிரவில் மூச்சுத் திணறுவதைக் கேட்பதற்கும், ஊசியின் அளவு சரிதானா என்று மறுபடி பார்ப்பதற்கும், டாக்டரை எப்போது எழுப்ப வேண்டும் என்று நிர்ணயிப்பதற்கும் விழித்திருப்பவள் நான்காமவளே. சங்கச் செய்யுட்களில் பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றப்பட்டவள் செவிலி. அந்தப் பெயரையே எடுத்து நாம் இவளுக்குச் சூட்டியிருக்கிறோம். பெயர் சூட்டுவதில் தமிழர் என்றுமே தாராள மனத்தினர்.

பழைய சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களைப் பயிற்றத் தொடங்கியது 1871-ஆம் வருஷம். இந்தியாவில் இத்தகைய பயிற்சிக்கு அதுவே முதற்பள்ளி என்பர். ஆனால் நம்மவர் வீட்டுப் பெண்களை அங்கே அனுப்பினரா? அன்னிய ஆடவன் உடம்பைத் தொட்டுத் துடைக்கும் வேலை குலப்பெண்களுக்கு ஏற்றதன்று என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்பளித்தோம். அத்தீர்ப்பளித்த அதே பெரியவர்கள் நோயில் விழுந்தபோது தம்மைத் தொட்டுத் துடைத்த கைகளுக்கு ஜாதி கேட்கவில்லை. நெடுங்காலம் இத்தொழிலைத் தாங்கியவர் பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமேயாவர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலையில் 1909-ஆம் ஆண்டு டீலியா ஹவுட்டன் என்னும் அம்மையார் நர்ஸ் பள்ளியொன்றை ஏற்படுத்தினார். 1926-இல் சென்னைச் சட்டசபை நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றிற்று. இருந்தும் 1946-இல் போர் கமிட்டியார் அளித்த கணக்கின்படி நாடு முழுவதற்கும் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேரே. டாக்டரோ 6,300 ஜனங்களுக்கு ஒருவர் இருந்தார். நர்ஸ் 43,000 ஜனங்களுக்கு ஒருத்தி. திண்ணைத் தீர்ப்பின் விலை இந்த எண்தான்.

அதே 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங் ஒரு பட்டப்படிப்பாயிற்று. இது சிறு மாறுதலன்று. அதுவரை நர்ஸின் வேலை சொன்னதைச் செய்வது என்று எண்ணப்பட்டது. அன்று முதல் அது தனக்கென ஒரு சாஸ்திரத்தை உடைய வித்தை என்று சர்வகலாசாலை ஒப்புக்கொண்டது. உடற்கூறும், நுண்ணுயிர் நூலும், மனநூலும், பேறுகால வைத்தியமும், கிராம சுகாதாரமும் கற்று, வார்டில் இரவும் பகலும் பழகி, பரீட்சை கொடுத்து வருகிறாள். 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியிலிருந்து வைத்தியர்க்கும் நர்ஸ்களுக்கும் ஒரே முத்திரையிட்டுப் பட்டம் அளிக்கிறது. முத்திரை ஒன்றே. மண்டபத்துக்கு வெளியே வந்த பின் நடப்பதுதான் வேறு.

2015-ஆம் ஆண்டில் சர்க்காரின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டிப் பரீட்சை நடத்தி ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷம் ஒப்பந்தத்தில் உழைத்தால் நிரந்தரமாக்குவோம் என்று வாக்களிக்கப்பட்டது. இரண்டு வருஷம் கழிந்தது. வாக்குறுதி எழுத்தில் இருந்தது. முன்னாளில் தொழிலாளர் எதைச் செய்தனரோ அதையே இப்பெண்களும் 2017 நவம்பரில் செய்தனர். சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்குநர் காரியாலய வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடி அமர்ந்தனர். இரவிலும் அகலவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் வேலைக்குத் திரும்பினர். பிற்பாடு தொகை 14,000 ஆயிற்று, அதன் பின்னர் 18,000 ஆயிற்று. அதே வார்டில், அதே சீருடையில், அதே வேலையைச் செய்யும் நிரந்தர நர்ஸின் சம்பளத்தை இதனருகில் வைத்துப் பார்ப்பவர்க்கு, உயர்வு என்ற சொல்லை உச்சரிக்க நாவெழாது.

நாம் சட்டம் படித்தவர்களாதலால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முறைப்படி தேர்ந்தெடுக்கப்படாமல் பின்வாசல் வழியே வந்தவர்கள் நிரந்தரம் கோர உரிமையில்லை என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட் உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தது. சர்க்கார் வக்கீல்களுக்கு அது ராமபாணம்போல் பயன்பட்டு வருகிறது. ஆனால் 2015-இன் பெண்கள் எந்தப் பின்வாசல் வழியே வந்தனர்? விளம்பரம் செய்து, பரீட்சை வைத்து, மதிப்பெண் பட்டியலிட்டு, சர்க்காரே முன்வாசலைத் திறந்து அழைத்தது. 2016 அக்டோபர் 26-இல் அதே சுப்ரீம் கோர்ட் ஜகஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியராயினும் நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்தால் அதே ஊதியம் உரியதென்று ஐயத்துக்கிடமின்றிக் கூறிற்று. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டவன் மனமொப்பி ஒப்புக்கொள்வதில்லை, வயிற்றுக்காக ஒப்புக்கொள்கிறான் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதைவிடத் தெளிவாக எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் பேசியதில்லை.

பின்பு வந்தது 2020. அவ்வாண்டு மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு தேசம் முழுவதும் வாசலில் நின்று கைதட்டியது, தட்டுகளையும் தட்டியது. மே 3-இல் விமானப்படையார் ஆஸ்பத்திரிகளின் மீது மலர் தூவினர். அந்நாட்களில் நர்ஸ்கள் பிளாஸ்டிக் கவசத்துக்குள் வேர்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்தால் கவசத்தைக் களைய வேண்டுமே என்று தாகத்தை அடக்கி நின்றனர். கடைசி மூச்சை விட்டவர்களிற் பலருக்குப் பிள்ளைகள் அருகிலில்லை. அவர்கள் பற்றியிருந்தது ஒரு நர்ஸின் கையுறையணிந்த கையை. அந்த நெருக்கடிக்கென்று தமிழ்நாட்டில் அவசரமாக எடுக்கப்பட்ட நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. மறுநாள் புத்தாண்டு. அவர்களை எடுத்தபோது இடஒதுக்கீட்டு விதி பின்பற்றப்படவில்லை என்று சர்க்கார் காரணம் கூறிற்று. மாவட்ட அளவில் மாற்று வேலை தருவதாகவும் சொல்லிற்று. விதியைப் பின்பற்ற வேண்டியவர் நியமித்தவரா, நியமிக்கப்பட்டவரா என்பதை மட்டும் எவரும் விளக்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளின் கதை இதனினும் மோசம். 2016 ஜனவரி 29-இல் சுப்ரீம் கோர்ட் இட்ட உத்தரவின்படி மத்திய சர்க்கார் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்ஸுக்குச் சமமான சம்பளம். ஐம்பதுக்குக் குறைந்த படுக்கையுள்ள சிறு ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை அலமாரியில் இருக்கிறது. பக்கத்து மலையாள நாட்டார் இதற்காகத் தெருவில் இறங்கிப் போராடி, 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏற்றிவிட்டனர் என்பதை இங்கே குறிப்பிடுவது நமக்குச் சற்று வெட்கத்தைத் தருவதே.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரைக் கிராமமொன்றிலிருந்து ஒருவர் எமது காரியாலயத்துக்கு வந்தார். மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டனராம். திருமணம் நிச்சயமாகி வேலையை விட விரும்பினால், ஒப்பந்தத்தை மீறியதற்குப் பணம் கட்டிவிட்டு எடுத்துச் செல் என்கிறார்கள். அவர் கேட்ட தொகை மகளின் எட்டு மாதச் சம்பளம். “ஐயா, மாட்டை அடகு வைத்தால்கூட வட்டி கட்டி மீட்கலாம். படிப்பை எப்படி மீட்பது?” என்றார். நாம் ஒரு வக்கீல் நோட்டீஸ் எழுதினோம். பதினோராம் நாள் சான்றிதழ்கள் ரிஜிஸ்டர் தபாலில் வந்து சேர்ந்தன, ஒரு வரி விளக்கமுமின்றி. நோட்டீஸ் எழுத எம்மைத் தேடி வந்தவர் ஒருவர். வராதவர் எத்தனை பேர்?

சேவை என்ற சொல்லை இங்கே சிலர் எடுத்துக்கொண்டு வருவர். நர்ஸ் தொழில் புனிதமானது, அதில் சம்பளப் பேச்சு எழலாமா என்பர். மேடைகளில் இப்படிப் பேசுவோர் தமது படிப்பணத்தைத் துறந்ததாக நாம் கேள்விப்படவில்லை. தியாகத்தை ஒருவன் தானே ஏற்கலாம். பிறன்மீது சுமத்தினால் அதற்கு வெட்டி வேலை என்று பெயர், அதை ஒழிக்கத்தான் நம் முன்னோர் சிறை சென்றனர். இன்னொரு கூட்டத்தார், இப்பெண்கள் படித்துவிட்டு அரபு நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் ஓடிவிடுகிறார்களே என்று தேசபக்தியோடு வருந்துகின்றனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் நர்ஸ்கள் 59 லட்சம் பேர் குறைவு. ஆதலின் அழைப்போர்க்குக் குறைவில்லை. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் துப்பாக்கிகளுக்கிடையே சிக்கி மீண்ட 46 இந்திய நர்ஸ்களை நாடு கண்ணீரோடு வரவேற்றது. அவர்களிற் பெரும்பாலோர் மலையாளப் பெண்கள். யுத்தம் நடக்கும் தேசத்துக்கு ஒரு பெண் ஏன் போனாள் என்று கேட்டால், படிப்புக் கடன் என்ற விடை அவர்கள் வாயிலிருந்தே வந்தது.

ஊர் ஊராகப் பொதுக்காரியம் செய்யும் அன்பர்கள் இதில் செய்யத்தக்கது உண்டு. போதனா ஆஸ்பத்திரியில் மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸும், பொது ஆஸ்பத்திரியில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸும் வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கௌன்ஸில் வகுத்த அளவு. உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஓர் இரவு பதினொரு மணிக்குச் சென்று படுக்கைகளை எண்ணுங்கள். பின் விழித்திருப்போரை எண்ணுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையிலிருக்கிறது. எத்தனை இடம் காலி, எத்தனை பேர் ஒப்பந்தம், எந்தத் தேதி முதல் என்று பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். விடை வந்தால் எமக்கு அனுப்புங்கள், அச்சிடுகிறோம். வீட்டில் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இரவு வேலைக்குப் போகும் பெண் நமக்கு ஒத்துவராது என்று வரன் பேச்சில் இன்றும் சொல்லும் இளைஞர் நம் கூட்டங்களிலேயே இருக்கின்றனர். அவர்களை நாம் அறிவோம்.

சுகாதார மந்திரி இச்சர்வகலாசாலையின் இணைவேந்தர். பட்டமளிப்பு மேடையில் அவருக்கு ஆசனம் உண்டு. அடுத்த விழாவுக்கு அவர் எழுதிக்கொண்டு வரும் பிரசங்கத்தில் தீபமேந்திய அம்மையாரைப் பற்றிய பாராட்டு இரண்டு பக்கம் இருந்தாலும் எமக்கு ஆட்சேபமில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளட்டும். ஒப்பந்தத்தில் இருப்போரில் இத்தனை பேருக்கு, இந்தத் தேதியிலிருந்து, நிரந்தர உத்தரவு. அவ்வாக்கியம் வாசிக்கப்படும்போது பின்வரிசையில் எத்தனை பேர் எழுந்து நிற்கின்றனர் என்று எண்ணி எழுத எமது நிருபரை அங்கே அனுப்பச் சித்தமாயிருக்கிறோம்.